மடியில் கனம்

மலேசியாவின் செனாவாங் வட்டாரத்தில் ஒரு குடும்பம் ஊருக்குப் புறப்படுகிறது என்றால், விமானச் சீட்டும் விசாவும் கைக்கு வந்த மறுநாளே தையல் மெஷினுக்கு வேலை வந்துவிடும். ஊர் என்று இங்கே நாங்கள் சொல்வது தமிழ்நாட்டை. மூன்று தலைமுறை கடந்தும் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டாகவில்லை. பெண்களின் உள்பாவாடை நாடாவை ஒட்டி ஒரு பை, ஆண்களின் கால்சட்டை இடுப்புப் பட்டிக்குள் ஒரு பை, பாட்டி உடன் வருவதானால் அவருக்கென்று கெட்டித் துணியில் ஒரு சுருக்குப்பை என்று தைத்து முடிந்ததும், மாதக்கணக்கில் சேர்த்த ஐயாயிரம் வெள்ளியோ (ரிங்கிட்) பத்தாயிரம் வெள்ளியோ நோட்டுகளாக அவற்றுக்குள் குடியேறும். வங்கி அட்டை வீட்டு அலமாரியில் பூட்டி வைக்கப்படும். "போற இடத்துல தொலைஞ்சுட்டா என்ன பண்றது?" என்பது அதற்குச் சொல்லும் காரணம். நோட்டுக் கட்டு தொலைந்தால் என்ன செய்வது என்று எவரும் கேட்டு நான் அறியேன்.

இவ்வழக்கத்துக்கு அடியில் ஓர் அபிப்பிராயம் வேரோடி நிற்கிறது. அந்நிய தேசத்தில் கையிலுள்ள ரொக்கமே நம்பத்தக்கது, அட்டை என்பது ஆபத்தும் வீண்செலவும் ஒன்றாகச் சேர்ந்தது என்பதே அது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் பிரசாதத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் மூத்தவரான அத்தை ஒருவர் இதை என்னிடம் சொன்ன விதம் இன்னும் நினைவில் நிற்கிறது. "தம்பி, அட்டைன்னாலே ரத்தம் குடிக்கிறதுதான். தீம்பார்ல இருந்த அட்டையும் அப்படித்தான், பேங்குல குடுக்கிற அட்டையும் அப்படித்தான். கடிக்கிறப்போ தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தாத்தான் தெரியும்." சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நான் அன்று பதில் சொல்லவில்லை. மழைக்கால விடியலில் கணுக்காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டுவிட்டு ரப்பர் தோட்டத்தில் மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டிய ஒருவருடைய உவமையை, வங்கிக் கணக்கைக் காட்டி அந்த இடத்திலேயே மறுப்பது மரியாதையாகாது என்று தோன்றிற்று. ஆனால் மரியாதை வேறு, சம்மதம் வேறு. அந்த அபிப்பிராயம் தவறானது. உழைத்துச் சேர்த்த பணத்தை நம் ஜனங்கள் வழிப்பிரயாணத்தில் இழப்பதற்கு அதுவே பெருங்காரணமாயிருக்கிறது. அத்தைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே சொல்லுகிறேன்.

ரொக்கக் கட்சியார் அநுபவத்தையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். "நாங்க பார்க்காததா?" என்பது அவர்களுடைய கடைசி வாதம். ஆகவே அவர்கள் பார்த்ததையே நாமும் எடுத்துப் பார்ப்போம். தோட்டத்து லயத்தில் என் தகப்பனாருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பாட்டனாரிடமிருந்து அவருக்கு வந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் அடித்தட்டில் பழைய வேட்டித் துண்டில் சுற்றியபடி ஜப்பான்காரன் அச்சடித்த பத்து வெள்ளி நோட்டுகள் கிடக்கின்றன. வாழைமரம் பொறித்த அந்த நோட்டுகள் 1942 முதல் மலாயாவில் பணமாக நடமாடி, 1945-இல் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் திரும்பி வந்ததும், செல்லாது என்று ஒரே அறிவிப்பில் தள்ளப்பட்டு, வாங்கியவன் கையிலேயே வெறுங்காகிதமாகிப் போயின. பாட்டனார் அவற்றை எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று என் தகப்பனார் கேட்டதற்கு, உழைத்த கூலி என்று மட்டும் சொன்னாராம்.

அது யுத்தகாலம் என்று தள்ளிவிடலாம். சமாதான காலத்துக்கு வருவோம். 1967 ஜூனில் மலேசியா தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது; பழைய மலாயா வெள்ளியும் உடன் செல்லுமென்று சொல்லப்பட்டிருந்தது; நவம்பரில் இங்கிலாந்து பவுனின் மதிப்பைக் குறைத்ததும், பவுனோடு பிணைந்திருந்த பழைய நோட்டும் கூடவே விழுந்து, ஒரு வெள்ளி 85 காசாயிற்று. அதை எதிர்த்துப் பினாங்கில் நடந்த கடையடைப்பு கலவரத்தில் முடிந்ததைச் சரித்திரம் எழுதிவைத்திருக்கிறது. தலையணை உறைக்குள்ளும் அரிசிப் பானைக்குள்ளும் பழைய நோட்டைச் சேமித்திருந்தவர்களுடைய இழப்பை எவரும் எழுதவில்லை. 1998 செப்டம்பர் தொடக்கத்தில் வந்த உத்தரவுகளை நம்மில் பலர் நேரிலேயே கண்டிருக்கிறோம்: ரிங்கிட் ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டப்பட்டது. அக்டோபர் தொடங்கி நாட்டுக்கு வெளியே அதை மாற்றிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. பிரயாணி 1,000 வெள்ளிக்குமேல் ரிங்கிட்டாகக் கொண்டுபோகவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது என்று ஆயிற்று. அடுத்த வருஷமே 500 வெள்ளி நோட்டும் 1,000 வெள்ளி நோட்டும் செல்லாமற்போயின.

இந்தியப் பக்கத்துக் கதையோ இன்னும் புதியது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, 500 ரூபாயும் 1,000 ரூபாயும் நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். இந்தியக் குடிமக்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்று மாற்றிக்கொண்டார்கள்; வெளிநாட்டில் தங்கியிருந்த இந்தியக் குடிமக்களுக்கு 2017 ஜூன் வரை கெடு கிடைத்தது. மலேசியக் குடியுரிமை பெற்றவர்களாகிய நமக்கோ, "அடுத்த தடவை ஆட்டோவுக்கு ஆகும்" என்று பீரோவில் மடித்து வைத்த நோட்டுகளை மாற்றுவதற்கு அப்படிப்பட்ட கெடு எதுவும் கிடைக்கவில்லை. செல்லாமற்போனவற்றுக்குப் பதிலாக வந்த 2,000 ரூபாய் நோட்டையும் 2023 மே 19-இல் ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவ்வருஷம் அக்டோபர் 7-க்குப் பிறகு அதைச் சாதாரண வங்கிக் கிளையில் மாற்ற இயலாது, ரிசர்வ் வங்கியின் சில அலுவலகங்களுக்கே கொண்டுபோக வேண்டும். என் தகரப்பெட்டியில் வாழைமர நோட்டுக்கு மேலே 1,000 ரூபாய் நோட்டு மூன்றும், அதற்கு மேலே 2,000 ரூபாய் நோட்டு ஒன்றும் இருக்கின்றன. மூன்று தலைமுறையின் ரொக்கம் ஒரே பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடக்கிறது. அநுபவம் என்று பேசுகிறவர்கள் இந்த அநுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாமா? நம்மைக் கைவிட்டது ஒவ்வொரு முறையும் நோட்டுத்தான். நாமோ ஒவ்வொரு முறையும் அந்த நோட்டையே இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்படுகிறோம்.

இனி, முன்னோர் வழக்கம் என்ற வாதம். கையோடு ரொக்கம் கொண்டுபோவதே நம் பெரியவர்கள் காட்டிய வழி என்று சொல்லப்படுகிறது. இது சரித்திரத்துக்கு முற்றிலும் விரோதம். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போய்வந்த காலத்துத் தோட்டத் தொழிலாளி, பொதுவாகத் தன் சம்பாத்தியத்தின் பெரும்பகுதியை மடியில் கட்டிக்கொண்டு கடல் தாண்டவில்லை. அஞ்சலகத்தில் மணியார்டராகக் கட்டிவிட்டுச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டான். வர்த்தகம் செய்தவர்களுக்கோ பினாங்கு முதல் சிரம்பான் வரை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. இங்கே பணத்தைக் கட்டினால் உண்டியல் என்னும் எழுத்தை அவர்கள் கொடுப்பார்கள். அந்த எழுத்தைக் காட்டினால் காரைக்குடியிலோ சென்னையிலோ அதற்கீடான ரூபாய் கிடைக்கும். பெயர் குறித்து எழுதிய எழுத்தானால், களவாடியவனுக்கு அது எளிதில் பயன்படாது; உரியவன் கையிலிருந்தால்தான் அதற்கு மதிப்பு. பணம் ஒரு வழியில் போகட்டும், மனிதன் ஒரு வழியில் போகட்டும், இரண்டும் கரை சேர்ந்தபின் சந்திக்கட்டும் என்பதே நம் பெரியவர்கள் கண்ட தத்துவம். நியூயார்க்கில் 1950-இல் டைனர்ஸ் கிளப் தன் முதல் அட்டையை வழங்குவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே இந்தத் தத்துவம் செட்டியாரின் பேரேட்டில் வழங்கிவந்தது. அட்டை என்பது அந்த உண்டியலின் பேரன். அதை அந்நியப் பொருளென்று ஒதுக்கி, மடிப்பையைப் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறவர்கள் தங்கள் பாட்டனாரையே அறியாதவர்கள்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று நம்மவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்பதை நான் ஒரு நாள் கண்ணெதிரே கண்டேன். சில வருஷங்களுக்கு முன் திருச்சியில் இறங்கிய மறுநாள், சமயபுரம் போகும் பேருந்தில் நெரிசலில் நின்றுகொண்டு போனோம். உடன் வந்த என் பெரியப்பா இறங்கிய பிறகுதான் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பை இருந்தது; பணம் இல்லை. அந்தப் பையை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். பெரியம்மா இரட்டைத் தையலாகப் போட்டிருந்த ஓரம் ஒரு நூல்கூடப் பிரியாமல் அப்படியே இருந்தது. நடுத்துணியில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு, அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக ஒரு பிளேடு ஓடியிருந்தது. தையல் கெட்டி, துணி கெட்டி, முடிச்சுக் கெட்டி. ஆனால் குடும்பத்தின் முழுப் பிரயாணப் பணமும் ஒரே இடத்தில் இருந்தது. பெரியப்பா அம்மன் சந்நிதிக்கு வரவில்லை. வெளியே தேங்காய்க் கடைப் பலகையில் உட்கார்ந்து, அந்தக் கிழிசலை இரண்டு விரலால் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். மிச்சமிருந்த பன்னிரண்டு நாளும் உறவினரிடம் கடன் வாங்கித்தான் கழிந்தன. கொடுத்தவர்கள் மனமுவந்தே கொடுத்தார்கள். ஆனால் மலேசியாவிலிருந்து வந்தவர் என்று நாலு பேருக்குக் கொடுத்துப் பழகிய மனிதர் கை நீட்டி வாங்கியபோது அவர் முகம் இருந்த நிலையை நான் மறக்கமாட்டேன்.

அன்று அவரிடமிருந்தது கடன் அட்டையாக இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி தெளிவாக இருக்கிறது: கடன் அட்டை தொலைந்தோ திருடுபோயோ பிறர் அதைப் பயன்படுத்திவிட்டால், உடையவர் வஞ்சனை செய்யாதவராகவும், அறிந்தவுடன் தாமதமின்றி வங்கிக்குத் தெரிவித்தவராகவும் இருக்கும்பட்சத்தில், அவர் ஏற்கவேண்டிய நஷ்டத்துக்கு வரம்பு உண்டு. நோட்டுக்கு அப்படி ஒரு வரம்பு வகுத்த அரசாங்கம் பூமியில் எங்கும் இல்லை. பையில் 8,000 வெள்ளி இருந்தால் இழப்பும் 8,000 வெள்ளி. அத்தையின் உவமையை நான் இந்த இடத்தில்தான் மறுக்கிறேன். ஓரளவோடு நின்றுவிடுகிற அட்டையைக் கண்டு அஞ்சுகிறோம். ஒரே வீச்சில் முழு இரத்தத்தையும் இறக்கிவிடுகிற பிளேடுக்கு நேரே இடுப்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அடுத்தது கட்டணம். அட்டையால் செலவழித்தால் வங்கி பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. மலேசிய அட்டையை வெளிநாட்டில் உபயோகித்தால் பொதுவாக ஒன்று முதல் மூன்று விழுக்காடு வரை போகும். இயந்திரத்தில் ரொக்கம் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் நம் வங்கியும் அங்குள்ள வங்கியும் தனித்தனியே ஒரு தொகையை வாங்கக்கூடும். ஆனால் நாணய மாற்றுக்காரர் இலவசமாகச் சேவை செய்கிறார் என்று நினைப்பதற்கு ஆதாரம் என்ன? அவருடைய பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு எண்கள் எரிந்துகொண்டிருக்கின்றனவே, அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளந்தான் அவருடைய கட்டணம். ரசீதில் கட்டணம் என்று எழுதாததால் அது கட்டணமாகாமல் போய்விடுமா? கணக்குக்காக, ஒரு வெள்ளிக்குச் சந்தை விலை 20 ரூபாய் என்று கொள்வோம். 5,000 வெள்ளிக்கு ஒரு லட்சம் ரூபாய் வரவேண்டும். விமான நிலைய ஜன்னலில் ஒரு வெள்ளிக்கு 19 ரூபாய் 20 காசு தந்தால் கைக்கு வருவது 96,000; அட்டை இரண்டு விழுக்காடு பிடித்தால் பயனாவது 98,000. திரும்பும்போது மிச்சம் பத்தாயிரம் ரூபாயை மறுபடி வெள்ளியாக்கினால் பள்ளத்தில் இன்னொரு முறை இறங்கி ஏறவேண்டும். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் கடைகள் நெருங்கிப் போட்டியிடுகிற இடத்தில் அந்தப் பள்ளம் ஆழமில்லை, சில நாளில் அட்டையைவிடவும் மலிவாகவே கிடைக்கும் என்பதை நானே அறிவேன். அங்கே மாற்றிக்கொள்ளுகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். எனினும் ஒரு விழுக்காட்டை மிச்சப்படுத்துவதற்காக நூறு விழுக்காட்டையும் இடுப்பில் கட்டித் தெருவில் நடப்பதை எந்தக் கணக்குப்பிள்ளையும் லாபம் என்று எழுதமாட்டார். சட்டமும் இதற்கு முழு இடம் கொடுக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது: வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 25,000 ரூபாய்க்கு மேல் இந்திய நோட்டாகக் கொண்டுவர இந்தியாவில் அநுமதியில்லை, 5,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட அந்நிய நோட்டுகளை விமான நிலையத்திலேயே எழுதிக் காட்டவேண்டும்.

கடன் என்ற பயம் மற்றவற்றைப்போல் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கங்காணியிடம் வாங்கிய முன்பணமும், தோட்டத்து மளிகைக்கடைப் பற்றும் சம்பளநாளன்று கூலியை விழுங்கியதைக் கண்டு வளர்ந்த ஒரு சமூகம், கடன் அட்டை என்ற பெயரைக் கேட்டதும் பின்வாங்குவதில் ஆச்சரியமில்லை. அந்தப் பின்வாங்கலில் ஞானமே இருக்கிறது. மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டாதவரிடம் வங்கி வருஷத்துக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி வாங்குகிறது. கடன் அட்டையைச் செருகி இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பவருக்கோ அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்குகிறது. அப்படி எடுக்கவே கூடாது என்பதில் நானும் ரொக்கக் கட்சியார் பக்கந்தான். ஆனால் சொந்தப் பணத்தைச் சொந்தக் கணக்கிலிருந்து எடுக்கும் டெபிட் அட்டையில் கடன் எங்கே இருக்கிறது? ஊர்ப் பயணத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தை அதில் போட்டு, அந்தக் கணக்கின் அட்டையை மட்டும் எடுத்துப் போனால், வீட்டுத் தவணைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வைத்த பணத்தை அந்த அட்டையால் எவனும் தொடமுடியாது. பழைய நாளில் பெண்கள் அரிசிப் பானையில் வேறு, உப்பு ஜாடியில் வேறு என்று காசைப் பிரித்து வைத்தது இந்த விவேகத்தினாலேதான். மடிப்பை அந்த விவேகத்தை மறந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது.

"நாங்க எடுத்துட்டுப் போனோம், அங்க வேலையே செய்யல" என்று சொல்பவர்களும் உண்டு. பொய் சொல்லவில்லை, காரணத்தைத்தான் அறியவில்லை. மலேசிய வங்கிகள் தரும் அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுப் பயன்பாடு ஆரம்பத்திலேயே மூடி வைக்கப்பட்டிருக்கிறது. உடையவர் கேட்டால்தான் திறப்பார்கள். வங்கியின் செயலியிலோ கிளையிலோ சில நிமிஷத்தில் முடிகிற இந்தக் காரியத்தைச் செய்யாமல் விமானம் ஏறிவிட்டு, மதுரையில் நின்று அட்டையைச் சபிப்பதில் நியாயமில்லை. நம் அட்டைகளுக்கு 2017 முதல் ஆறு இலக்க இரகசிய எண் என்பதும், அங்கே வழக்கம் நான்கு இலக்கம் என்பதும் இன்னொரு தடுமாற்றம். கடைக்காரர் நல்லெண்ணத்தோடு நாலு நம்பர் போதும் என்பார். நாம் நம்முடைய ஆறையும் அழுத்தவேண்டும்.

அட்டையை ஏற்றுக்கொண்டவர்களிடத்திலும் ஒரு தவறான அபிப்பிராயம் பரவியிருக்கிறது. நம் வெள்ளியிலேயே கட்டினால் எவ்வளவு போகிறது என்று அப்போதே தெரியும், ஆகையால் அதுவே உத்தமம் என்பது அது. ஒரு முறை சென்னைத் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கல்யாணப் புடவைகளுக்கு 40,000 ரூபாய்ப் பட்டியல் ஆயிற்று. காசாளராக இருந்த பெண், அட்டையைச் செருகியதும் அன்போடு நிமிர்ந்து, "சார், உங்க ஊர் ரிங்கிட்லயே போட்டுடட்டுமா? உங்களுக்கு ஈஸியா இருக்கும்" என்று கேட்டார். சின்னத் திரையில் 2,120 வெள்ளி என்று எழுதி, பச்சைப் பொத்தானை அழுத்தச் சொல்லிற்று. நான் வேண்டாமென்று ரூபாயிலேயே போடச் சொன்னேன். இரண்டு நாளில் என் கணக்கில் விழுந்தது, வங்கிக் கட்டணமும் உட்பட, 2,045 வெள்ளி. இடையிலிருந்த 75 வெள்ளி அந்தப் பெண்ணுக்குப் போவதன்று. அவருக்கு விஷயமே தெரிந்திராது. மெஷினுக்குப் பின்னாலிருந்து நாணயத்தை மாற்றித் தருகிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு விலை வைத்து எடுத்துக்கொள்வது அது. பழகிய எழுத்தைக் கண்டதும் மனம் இளகிவிடுகிறது. அந்த இளக்கத்துக்கு விலை 75 வெள்ளி. ரொக்கம் எடுக்கும் இயந்திரமும் சில சமயம் இதே கேள்வியைக் கேட்கும். எங்கே நிற்கிறோமோ அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டவேண்டும். இந்த ஒரு பழக்கத்தினால் ரொக்கக் கட்சியாரின் கட்டண வாதத்தில் பாதி கரைந்துவிடும்.

எங்கள் வீட்டு இளைஞர்களோ எதிர்த் துருவத்தில் நிற்கிறார்கள். கைப்பேசி ஒன்று போதும், அட்டையும் வேண்டாம், நோட்டும் வேண்டாம் என்கிறார்கள். இங்கே மாமாக் கடையில் தே தாரிக்குக்கூட ஸ்கேன் செய்து பழகியவர்கள் அப்படிப் பேசுவது இயல்பு. ஆனால் இந்தியாவின் தேநீர்க் கடையில் தொங்கும் யூபிஐ கட்டம், அந்நாட்டு வங்கிக் கணக்கை வேராகக் கொண்டு 2016-இல் எழுந்த ஏற்பாடு. 2023-இல் ஜி-20 மாநாட்டையொட்டி வெளிநாட்டாருக்கென்று தொடங்கிய வசதியும் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டிப் பதிந்து, ரூபாயை முன்னதாக நிரப்பிய பிறகே உதவும். அதைவிட முக்கியமானது வேறொன்று. மோசடிகளைத் தடுக்க 2022-இல் பேங்க் நெகாரா வகுத்த முறைப்படி, ஒருவருடைய வங்கி அநுமதி ஒரே கைப்பேசியோடு கட்டப்படுகிறது. புதுக் கைப்பேசிக்கு மாற்றினால் சில மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தக் கரையில் அந்த ஒரு கைப்பேசி தண்ணீரில் விழுந்தால், அதை மட்டுமே நம்பி வந்தவன் அன்றிரவு சாப்பாட்டுக்கு யாரைக் கேட்பான்? பையன் தன் கைப்பேசியில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போவதும், பெரியப்பா ஒரே பையில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனதும் ஒரே பிழைதான்.

ரொக்கத்தையே ஒழிக்கச் சொல்லுகிறேன் என்று எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. அர்ச்சனைத் தட்டுக்கும், ஆட்டோவுக்கும், வழியோர இளநீருக்கும், சொந்த கிராமத்துக் குலதெய்வக் கோவில் பூசாரிக்கும் நோட்டுத்தான் வேண்டும்; உள்ளூர் அட்டைக்கே பழகிய சிறு கடை மெஷின்கள் வெளிநாட்டு அட்டையை ஏற்காமல் திருப்புவதும் உண்டு. மூன்று நாள் செலவுக்குப் போதுமான ரூபாய், அதுவும் இரண்டு பேரிடம் பிரித்து, என்பது என் கணக்கு. தீர்ந்தால் வங்கி வளாகத்துக்குள் இருக்கும் இயந்திரத்தில் பகலில் எடுத்துக்கொள்ளலாம். எஞ்சிய முழுத் தொகையும் இரண்டு வெவ்வேறு வங்கிகளின் அட்டைகளில், வெவ்வேறு ஆட்களிடம் இருக்கட்டும். அட்டையின் பின்புறத்திலுள்ள வங்கித் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துவிட்டால், அட்டை தொலைந்த நேரத்தில் எண்ணைத் தேடி அலைய வேண்டாம்.

வெவ்வேறு ஆட்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் திருட்டு மட்டுமல்ல. மடிப்பை எப்போதும் குடும்பத் தலைவருடைய இடுப்பில்தான் இருக்கிறது. இங்கே தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்து அந்தப் பணத்தில் பாதியைச் சேர்த்த மனைவி, ஊரில் தன் தங்கை பிள்ளைக்கு ஒரு சட்டை எடுப்பதற்கு அவரைத் தேடிப்போய்க் கேட்டு, அவர் அறைக்குள் போய்ப் பையை அவிழ்த்து எடுத்துத் தரும்வரை வாசலில் நிற்கிறாள். அவள் சம்பளம் விழும் கணக்குக்கு அவள் பெயரில் ஓர் அட்டை இருக்கிறது. அதுதான் செனாவாங்கில் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. பாதுகாப்பு என்று நாம் பேர் வைத்த இந்த ஏற்பாட்டில், யாருடைய சுதந்திரத்தை எடுத்து யாருக்குப் பாதுகாப்புச் செய்கிறோம் என்பதை ரொக்கக் கட்சியார் ஒரு முறையாவது யோசிக்கவேண்டும்.

நோய்க்கும் இது பொருந்தும். சென்ற தடவை என் மாமனாருக்கு ஊரில் நள்ளிரவில் மார்வலி வந்தது. மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன்பணம் கேட்டார்கள். மறுநாள் அதைப்போல மூன்று மடங்கு கேட்டார்கள். அவ்வளவு ரொக்கத்தை மடியில் கட்டிப் போகிறவர் எவருமிலர். கட்டிப் போனாலும் அந்த நேரத்தில் திறந்திருக்கும் நாணய மாற்றுக் கடையும் இல்லை. என் மனைவி தன் அட்டையை எடுத்து நீட்டினாள். ஆறு எண்களை அழுத்தினாள். ரசீது வந்தது, அவரை உள்ளே எடுத்துப் போனார்கள். இப்போது அவர் தினமும் காலையில் தாமான் மைதானத்தைச் சுற்றி நடக்கிறார்.

வருகிற பள்ளி விடுமுறைக்கு எங்கள் தெருவில் மூன்று குடும்பங்கள் ஊருக்குப் புறப்படுகின்றன. அத்தையும் போகிறார், பை தைப்பதற்குக் கெட்டித் துணி வாங்கி வைத்திருக்கிறார். அத்தை, நீங்கள் தைக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தையுங்கள். ஆனால் ஐந்தாறு நோட்டுக்கு மேல் உள்ளே போகாத அளவுக்குச் சின்னதாகத் தையுங்கள். மீதியை உங்கள் பெயரில் வங்கியில் போட்டு, புறப்படுவதற்கு முன்பே அட்டையைத் திறக்கச் சொல்லிவிடுங்கள். சிரம்பானில் கிளை இருக்கிறது, நானே கூட வருகிறேன்.